கல்லூரி ஆசிரியரின் குறைமனு: எதை எழுதுவது, எங்கே கொடுப்பது

கேள்வி சுருக்கமாக இது. கடலூர் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஆறு வருடமாக உதவிப் பேராசிரியராக இருக்கிறீர்கள். வாரத்துக்கு 22 மணி நேரம் வகுப்பு. அட்மிஷனுக்குச் சொன்ன எண்ணிக்கையில் பிள்ளைகளைப் பிடித்து வரவில்லை என்று மே மாதச் சம்பளத்தில் பாதியை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் பாடம் எடுக்கும் உங்கள் அத்தை மகன், "எங்கள் சங்க ஒப்பந்தப்படி கிரீவன்ஸ் போட்டேன், பிடுங்கிய வகுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்" என்று போனில் சொல்கிறார். நமக்கு அப்படி ஏதாவது உண்டா, உண்டென்றால் எப்படிப் போடுவது என்று கேட்கிறீர்கள்.

நான் அரசு உதவி பெறும் கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்காலம் சங்கக் கிளையில் ஏதாவது ஒரு பொறுப்பு. வக்கீல் இல்லை. ஆனால் மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தே பேனா தேய்ந்திருக்கிறது. அவரிடம் இருப்பது நம்மிடம் அப்படியே இல்லை. ஆனாலும் அவர் செய்த வேலையில் முக்கால்வாசியை நீங்களும் செய்யலாம்.

முதலில் அவர் என்ன செய்தார் என்று பார்த்துவிடுவோம். அங்கே ஆசிரியர் சங்கமும் பல்கலைக்கழக நிர்வாகமும் உட்கார்ந்து பேசி ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கும். சம்பளம், வகுப்பு நேரம், மறுநியமனம், விடுப்பு எல்லாம் அதில் அடக்கம். கிரீவன்ஸ் என்ற சொல்லுக்கே அதில் வரையறை உண்டு. ஒப்பந்தத்தின் இன்ன விதியை நிர்வாகம் மீறியது, அல்லது தப்பாகப் பொருள் கொண்டது என்ற புகார்தான் கிரீவன்ஸ். துறைத்தலைவர் முகம் கொடுத்துப் பேசவில்லை, கூட்டத்தில் மட்டம் தட்டினார் என்பதெல்லாம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அந்த வரையறைக்குள் வராது. பகுதிநேர ஆசிரியர்களுக்கு எந்த முறையில் வகுப்பு ஒதுக்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் விதி இருக்கிறது. உங்கள் அத்தை மகன் அதைத்தான் பிடித்திருப்பார்.

அப்புறம் அது படிப்படியாக ஏறும். முதலில் துறைத்தலைவரிடமோ டீனிடமோ பேச்சு. தீரவில்லை என்றால் எழுத்தில். அதற்கும் மேலே தலைமை நிர்வாகம். கடைசியில் இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் நடுவர். ஒவ்வொரு படிக்கும் நாள் கணக்கு உண்டு. சம்பவம் நடந்து இத்தனை நாளுக்குள் போடாவிட்டால், விஷயம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் புகார் செத்துப்போகும். நிர்வாகம் குறித்த நாளுக்குள் பதில் தராவிட்டால், பொதுவாக அடுத்த படிக்கு ஏறிக்கொள்ளலாம். அந்த முறையின் உயிர் இந்த நாள் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். நடுவர் என்ன சொல்வார் என்பதைவிட, பதில் சொல்லாமல் இழுத்தடிக்க முடியாது என்பதுதான் நிர்வாகத்தை அசைக்கிறது.

அங்கேயும் எல்லாம் பாலும் தேனும் இல்லை. 1980-ல் எஷீவா பல்கலைக்கழக வழக்கில், அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் முழுநேரப் பேராசிரியர்கள் நிர்வாகத்தின் அங்கம் போன்றவர்கள் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனியார் நிறுவனங்களில் அவர்கள் சங்கம் கட்டுவது அதோடு கஷ்டமாகிவிட்டது. ஆசிரியர் சங்கங்கள் அரசுப் பல்கலைக்கழகங்களில் அதிகம் இருப்பதற்கு அது ஒரு காரணம். நடுவர் வரை போவதா வேண்டாமா என்பதையும் பெரும்பாலும் சங்கம்தான் முடிவு செய்யும், தனி ஆள் இல்லை. நிரந்தரப் பணி மறுக்கப்பட்ட வழக்குகளில், "இவர் நல்ல ஆய்வாளரா" என்ற கேள்விக்குள் நடுவர் பொதுவாக நுழைவதில்லை. முறைப்படி நடந்ததா என்றுதான் பார்ப்பார். நம் கோர்ட்டுகளும் அப்படித்தான் பார்க்கின்றன. நினைவில் வையுங்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் கல்லூரி ஆசிரியர் சங்கங்கள் உண்டு. ஏயூடி, மூட்டா போன்றவை தெருவில் இறங்கிப் பெரிய போராட்டங்களை நடத்தியவை. ஆனால் நம் சங்கங்கள் வாங்கித் தந்தது சட்டமாகவும் அரசாணையாகவும் வந்ததே தவிர, நிர்வாகத்தோடு கையெழுத்திட்ட ஒப்பந்தமாக வரவில்லை. அதனால் மீறப்பட்ட விதி எது என்று தேட, அவருக்கு ஒரு புத்தகம் போதும். நமக்கு நாலைந்து கோப்புகளைப் புரட்ட வேண்டும்.

இன்னொரு வினோதமும் இருக்கிறது. 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, தொழில் தகராறு சட்டத்தின் கண்ணில் கல்வி நிறுவனமும் ஒரு 'தொழில்'தான் என்றது. 1988-ல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிறுவனம் தொழிலாக இருக்கலாம், ஆனால் ஆசிரியர் 'தொழிலாளர்' ஆகமாட்டார், கல்வி புகட்டுவது மேலான பணி என்றது. காலையில் உங்களைக் கல்லூரிக்கு ஏற்றிக்கொண்டு வரும் பஸ்ஸின் டிரைவர் தொழிலாளர் சட்டத்தின் கதவைத் தட்டலாம். அதே பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டு வரும் நீங்கள் தட்ட முடியாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குறைதீர் குழு வேண்டும் என்கிறது. அதுவும் 'தொழிலாளி'க்குத்தான். மேலான பணி என்ற பட்டம் நமக்கு எவ்வளவு செலவு வைத்திருக்கிறது பாருங்கள்.

ஆசிரியருக்குக் கையில் இருப்பது, 1976-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம். பணி நீக்கம், பதவி இறக்கம், தற்காலிகப் பணி நீக்கம் எல்லாவற்றுக்கும் இதில் 19-ஆம் பிரிவு நடைமுறை சொல்கிறது. குற்றச்சாட்டை எழுத்தில் தராமல், பதில் சொல்ல வாய்ப்புத் தராமல், "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட முடியாது. சிறுபான்மை நிர்வாகக் கல்லூரி என்றால், பணி நீக்கத்துக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விஷயத்தில் நிலைமை மாறும், அதை வக்கீலிடம் கேளுங்கள். வகுப்பு நேரத்துக்கு 2018-ஆம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஒழுங்குமுறை இருக்கிறது. அதன்படி வாரப் பணி 40 மணி நேரம். அதில் உதவிப் பேராசிரியர் நேரடியாக வகுப்பில் நிற்க வேண்டியது 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. உங்களுடைய 22-இல் 6 மணி நேரம் கூடுதல். இவற்றோடு உங்கள் நியமன ஆணை. அதை எடுத்து நிதானமாக ஒருதரம் வாசியுங்கள். சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டதோடு சரி, அப்புறம் யாரும் அதைப் படிப்பதில்லை.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் எனக்கு வர வேண்டிய ஆண்டு ஊதிய உயர்வை, ஏதோ பயிற்சிச் சான்றிதழ் வரவில்லை என்று நிறுத்தி வைத்தார்கள். சான்றிதழை நான் எப்போதோ கொடுத்திருந்தேன். பதினாலு மாதம் ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன், முதல்வரிடம் நாலு தடவை சொன்னேன். "பார்க்கலாம் சார்" என்பார். ஒருநாள் மூத்த பேராசிரியர் ஒருவர் என் புலம்பலை முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள்?" என்றார். எதை சார்? "மனுவை." நான் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கொடுத்திருக்கவில்லை. அன்று ராத்திரி ஒரு பக்கம் எழுதினேன். மறுநாள் ஆபீஸில் வாங்க மறுத்தார்கள். "முதல்வர் சொல்லாமல் நான் சீல் போட முடியாது" என்றார் கண்காணிப்பாளர், பாவம், நல்ல மனிதர்தான். மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பம் தபால் ஆபீஸுக்குப் போய் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கல்லூரிக்குத் தபால். நாலாம் நாள் ஒப்புகை அட்டை வந்தது, வாங்க மறுத்த அதே கண்காணிப்பாளரின் கையெழுத்தோடு.

பின்னால் விஷயம் மேலதிகாரியிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். நிர்வாகத்துக்கு எப்போது எழுதினீர்கள்? பதினாலு மாதத்துப் பேச்சு எந்தக் கணக்கிலும் வரவில்லை. அட்டையில் இருந்த தேதியிலிருந்துதான் என் குறையே பிறந்தது.

ஆகவே அம்மா, அமெரிக்க ஒப்பந்தம் தானாக ஓட்டும் கடிகாரத்தை இங்கே நாம்தான் சாவி கொடுத்து ஓட்ட வேண்டும். மனு ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. ஒரு தாளில் ஒரு குறை. உங்களிடம் இரண்டு இருக்கின்றன. 22 மணி நேரம் ஒன்று, மே சம்பளம் இன்னொன்று. இரண்டையும் சேர்த்து எழுதினால், வகுப்பு நேரத்துக்கு மட்டும் சமாதானமாக ஒரு பதிலை எழுதிவிட்டுச் சம்பளத்தை விழுங்கிவிடுவார்கள். சம்பளத்தை முதலில் எடுங்கள். அதில் எண் இருக்கிறது. எண்ணோடு வாதாடுவது எவருக்கும் கஷ்டம்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"பொருள்: மே மாத ஊதியத்தில் பிடித்தம் செய்யப்பட்ட தொகையை வழங்கக் கோருதல் – தொடர்பாக. பார்வை: 1. எனது நியமன ஆணை. 2. மே மாத ஊதியச் சீட்டு. 3. வங்கிக் கணக்கு விவரம்.

மே மாதத்துக்கு எனக்கு வர வேண்டிய ஊதியம் ரூ. இவ்வளவு. ஜூன் மாதம் இன்ன தேதியில் எனது கணக்கில் வரவு வைக்கப்பட்டது ரூ. இவ்வளவு. பிடித்தத்துக்கான எழுத்துமூல ஆணை எதுவும் எனக்கு வழங்கப்படவில்லை. பார்வை 1-இல் காணும் ஆணையில், மாணவர் சேர்க்கை எண்ணிக்கையை ஊதியத்தோடு இணைக்கும் நிபந்தனை ஏதும் இல்லை. எனவே பிடித்தம் செய்த தொகையை 15 நாட்களுக்குள் வழங்கவும், இயலாதெனில் அதற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். இதில் மன உளைச்சல் இல்லை, அநீதி இல்லை, "தங்கள் பொற்பாதங்களில்" இல்லை. துறைத்தலைவர் உங்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தையும் இல்லை. அது எனக்கே கோபம் வரவழைக்கிறது, ஆனால் இந்தத் தாளுக்கு அது வேண்டாம். என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த விதிக்கு மாறாக, என்ன வேண்டும். கடைசி வாக்கியம்தான் வேலை செய்யும் வாக்கியம். காரணத்தை எழுத்தில் கேட்கும்போது, அட்மிஷன் வரவில்லை என்று கல்லூரி லெட்டர்பேடில் எழுத எந்தச் செயலாளரும் ஒருமுறைக்கு இரண்டு முறை யோசிப்பார். 15 நாள் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை, நாமாக வைக்கும் கெடு. பரவாயில்லை. 16-ஆம் நாள் நினைவூட்டு எழுத ஒரு காரணம் வேண்டுமல்லவா?

முதல்வர் வழியாகச் செயலாளருக்கு என்று போடுங்கள். முன்நகல் ஒன்று நேராகச் செயலாளருக்கு. நேரில் கொடுத்தால் நம் நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். தரவில்லை என்றால் சண்டை வேண்டாம், தபால் ஆபீஸ் இருக்கிறது. 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் பதிவும் ஒப்புகையும் வேண்டும் என்று கவுண்டரில் வாய் திறந்து கேளுங்கள். கல்லூரி மின்னஞ்சலில் இருந்து எதையும் அனுப்பாதீர்கள். ஒருநாள் காலையில் பாஸ்வேர்டு வேலை செய்யாது, அதோடு ஆதாரமும் போய்விடும்.

மனு கொடுப்பதற்கு முன்னால் சேர்க்க வேண்டியவை சில. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையைப் போட்டோ எடுங்கள். அட்மிஷன் டார்கெட் பற்றி துறை வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திகளைச் சேமியுங்கள், அந்த போனையும் விற்றுவிடாதீர்கள். பிஎஃப் கணக்கைத் திறந்து மே மாத வரவைப் பாருங்கள். சம்பளத்தைப் பாதியாக்கியவர்கள் பிஎஃப் பங்கையும் பாதியாக்கியிருந்தால், பிடித்தத்துக்கு அவர்களே எழுதிக் கொடுத்த சாட்சி அது. முழுச் சம்பளத்துக்குக் கட்டியிருந்தால் இன்னும் நல்லது. உங்களுக்கு வர வேண்டியது முழுச் சம்பளம் என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இந்த வேலை நடக்கும்போது வகுப்பை விடக் கூடாது. அமெரிக்கச் சங்கங்களிலும் புதிதாகச் சேருகிறவருக்கு முதலில் சொல்லித் தருவது இதுதான். சொன்ன வேலையைச் செய், பிறகு முறையிடு. 22 மணி நேரம் அநியாயம் என்று 17-ஆவது மணியில் வகுப்புக்குப் போகாமல் இருந்தால், அன்றிலிருந்து பேச்சு உங்கள் குறையைப் பற்றி இருக்காது, உங்கள் கீழ்ப்படியாமையைப் பற்றி இருக்கும். விசாரணை என்று உள்ளே கூப்பிட்டால், அங்கே பொதுவாகச் சங்கப் பிரதிநிதி ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. நமக்கு அப்படி எழுதிய உரிமை இல்லை. ஆனால் "எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் தருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வரலாம். வெளியே வந்த உடனே என்ன பேசினார்கள் என்று டைரியில் எழுதிவிடுங்கள்.

பதில் வரவில்லை. அடுத்து? இணைக்கும் பல்கலைக்கழகம், அதாவது கடலூர் மாவட்டக் கல்லூரி என்றால் பொதுவாக அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அதன் பதிவாளருக்கு ஒன்று. கல்லூரிக் கல்வி இணை இயக்குநருக்கு ஒன்று. இரண்டிலும் முதல் மனுவின் நகலும் ஒப்புகையும் இருக்க வேண்டும். யுஜிசியின் இ-சமாதான் என்ற இணையக் குறைதீர் தளத்திலும் பதியலாம். மாணவர் குறைதீர்ப்புக்கென்று யுஜிசி 2023-இல் கொண்டுவந்த விதிகளைச் சிலர் எடுத்துக் காட்டுவார்கள், அது பிள்ளைகளுக்கு, நமக்கு இல்லை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம், ஒரு எண் கிடைக்கும். அந்த மனு இணை இயக்குநருக்குப் போய், அங்கிருந்து "தக்க நடவடிக்கைக்காக" உங்கள் முதல்வரிடமே வந்து சேரும். அவர் மேசையில் உங்கள் மனு வட்டமடித்து வந்து விழும் அழகைப் பார்க்கவாவது ஒருமுறை கொடுக்கலாம்.

தகவல் உரிமைச் சட்டத்தை இந்த இடத்தில்தான் எடுக்க வேண்டும். சுயநிதிக் கல்லூரி, சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று சொல்லும். கல்லூரியிடம் கேட்காதீர்கள், பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். இணைப்பு நீட்டிப்புக்கு விண்ணப்பித்தபோது, உங்கள் பெயரில் என்ன சம்பளம், எத்தனை மணி நேர வகுப்பு என்று காட்டியிருக்கிறார்கள்? 10 ரூபாய் கட்டணம், 30 நாள். காகிதத்தில் உள்ள நீங்களும் கையில் சம்பளம் வாங்கும் நீங்களும் இரண்டு வேறு ஆட்களாக இருப்பது ஒன்றும் புதிதில்லை.

இதற்கும் அசையவில்லை என்றால் ஹைகோர்ட் என்று உடனே பாயாதீர்கள். தனியார் கல்வி நிறுவனத்தின் சாதாரண வேலை ஒப்பந்தத் தகராறுக்கு ரிட் மனு, அதாவது நேராக ஹைகோர்ட்டில் போடும் மனு, பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. சட்டப் பாதுகாப்பு உள்ள விஷயம், உதாரணமாகப் பிரிவு 19-க்கு மாறான பணி நீக்கம், என்றால் அது வேறு. சம்பளப் பாக்கிக்கு சிவில் வழக்குப் போட மூன்று வருட அவகாசம் உண்டு. அதற்கும் முன்னால் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு அங்கே மனுக் கொடுத்தால் கல்லூரிக்கு நோட்டீஸ் போகும். அந்த உறையைப் பார்த்த அன்றே பேச்சுக்குக் கூப்பிட்ட நிர்வாகங்களை நான் பார்த்திருக்கிறேன். பாலியல் தொந்தரவு என்றால் மட்டும் இந்த வரிசையே வேண்டாம். 2013 சட்டப்படி உள்ளகக் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும்.

புதுச்சேரியில் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இருப்பதாக நீங்கள் சொன்ன தோழிக்கு நிலைமை மேல். மத்தியப் பல்கலைக்கழகச் சட்டங்களில் பொதுவாக ஒரு பிரிவு இருக்கும். ஊழியரோடு எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும், அதில் தகராறு வந்தால் ஊழியர் கேட்டால் நடுவர் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். நிர்வாகக் குழுவின் சார்பில் ஒருவர், ஊழியர் சொல்லும் ஒருவர், பார்வையாளரான குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஒருவர் என மூன்று பேர். உங்கள் அத்தை மகன் சொல்வதற்கு நம் பக்கத்தில் மிக நெருக்கமான ஏற்பாடு இதுதான். கேட்டால்தான் கிடைக்கும் என்பதால் பலருக்கு இருப்பதே தெரியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சுயநிதிக் கல்லூரியில் மனுக் கொடுக்கிறவருக்கு ஆபத்து உண்டு. கால அட்டவணை திடீரென்று மாறும், அடுத்த வருட நீட்டிப்பு தாமதமாகும், அசல் சான்றிதழ் ஆபீஸில் மாட்டிக்கொண்டிருந்தால் அதை வைத்து விளையாடுவார்கள். சான்றிதழ் விற்பனைப் பொருள் இல்லை, அதைப் பிடித்து வைக்க உரிமை கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் ஏதாவது ஒரு சரிபார்ப்பைக் காரணம் காட்டி மனுவுக்கு முன்பே வாங்கிவிடுவது நிம்மதி. பிடித்தம் உங்கள் ஒருவருக்கு மட்டும் நடந்திருக்காது. அதே துறையில் இன்னும் மூன்று பேர் அதே வாசகத்தில் அவரவர் பெயரில் அதே நாளில் கொடுத்தால், யாரைக் குறிவைப்பது என்று அவர்கள் குழம்புவார்கள். ஒரே தாளில் நாலு கையெழுத்து வேண்டாம். ஒருவர் பின்வாங்கினால் தாளே கிழியும். வெளியேறும் நிலை வந்தால் பணிக்கொடையை விடாதீர்கள். 2009 திருத்தம் அதை ஆசிரியருக்கும் தந்தது, உச்ச நீதிமன்றம் 2022-இல் அதை உறுதி செய்தது. உங்களுக்கு ஐந்து வருடம் முடிந்துவிட்டது.

நியமன ஆணையை வாசிக்கும்போது கோடை விடுமுறைச் சம்பளம் பற்றி ஏதாவது வரி இருக்கிறதா, 'நிர்வாகம் அவ்வப்போது வகுக்கும் விதிகளுக்கு உட்பட்டு' என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேலே எழுதிய மாதிரியில் நிபந்தனை பற்றிய வாக்கியத்தை மாற்ற வேண்டும். அந்தப் பக்கத்தை மட்டும் பெயரை மறைத்து அனுப்புங்கள், வாசகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.